சொல்லாமல் விட்ட ஒரு சொல்

வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிறு வருவாய்க்கு ஒரு வழி. ஓய்வூதியம் போதாத ஆசிரியர், கணவரை இழந்த தாய், மகளின் திருமணக் கடனை அடைக்க வேண்டியவர் என, மாடியையோ பின்கட்டையோ ஒதுக்கிக் கொடுத்து வாழ்க்கையை நடத்துவோர் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், இரவில் வாயிற்கதவு எத்தனை மணிக்கு அடைக்கப்படும் என்பனவற்றையெல்லாம் வருவோரிடம் மறவாமல் சொல்லிவிடுகிறோம். அவ்வீட்டில் எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. அவ்வாறு சொல்லாமல் விட்ட ஒருவனின் அனுபவத்தை, மற்றவர்க்குப் பயன்படட்டும் என்ற ஒரே எண்ணத்தோடு இங்கு எழுதுகிறேன்.

திருச்சி பாலக்கரையில் என் தந்தையார் கட்டிய வீடு இரண்டு கட்டுகளைக் கொண்டது. முன்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். பின்கட்டை ஒட்டிய கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. காவிரி நீர் குழாய் வழியே வீட்டுக்கே வந்த பின்னர் அக்கிணற்றில் நீர் இறைப்பார் இல்லாமற் போயினர். சிறு பிள்ளைகளாயிருந்த நாங்கள் விழுந்துவிடக் கூடாதே என்று அஞ்சிய தந்தையார், கைப்பிடிச் சுவரை இடித்து, வாயின் குறுக்கே இரண்டு இரும்பு உத்தரங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் கருங்கற் பலகைகளைப் பரப்பி மூடினார். காலப்போக்கில் கற்களின்மேல் மண் படிந்தது. மண்ணில் புல் முளைத்தது. அருகில் நட்ட பவழமல்லி மரமாகி, நாள்தோறும் அதன்மேல் பூவைச் சொரிந்தது. அங்கே ஒரு கிணறு இருக்கிறது என்பது எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தியாயிற்று.

2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நினைவிருக்கும். மாடியில் விழும் நீரை அப்பழைய கிணற்றுக்குள் இறக்கிவிடலாம் என்றெண்ணிக் கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் ஓரத்துக் கல் ஒன்றைப் பெயர்த்து, உள்ளே டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து இரண்டடி பின்வாங்கி நின்றார்.

“ஐயா, உத்தரம் துருப்பிடித்து ஏடு ஏடாகப் பொரிந்திருக்கிறது. கீழேயிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறதல்லவா? மேலே ஆள் நடமாட்டம் வேண்டாம். சீக்கிரமாக இதை எடுத்துவிட்டுக் கான்கிரீட் மூடி போட்டுவிடுங்கள்” என்றார்.

செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை அந்த ஆண்டு என் மகளின் கல்லூரிக் கட்டணத்தை விட மிகுதியாயிருந்தது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று கூறி, மழைநீர்க் குழாயை மட்டும் உள்ளே இறக்கிக் கல்லை மீண்டும் பொருத்தச் செய்தேன். அடுத்த ஆண்டு வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. மண்ணும் புல்லும் மூடியிருந்த இடம் கண்ணுக்கு அழகாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி மனிதன் எத்தனை எளிதில் மறந்துபோகிறான்!

2005ஆம் ஆண்டில் பின்கட்டுக்குப் புதிய குடும்பம் ஒன்று வந்தது. கணவன், மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரு பிள்ளைகள், கணவனின் வயது முதிர்ந்த தாய் என ஐவர். வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தபோது, கொல்லைப்புறத்தைக் கண்ட அம்மூதாட்டியின் முகம் மலர்ந்தது. “ஊரை விட்டு வந்த பிறகு மண் தரையைக் காலால் மிதித்ததே இல்லை, தம்பி. இங்கே பவழமல்லியும் இருக்கிறதே!” என்றார்.

அந்த வேளையில் கொத்தனாரின் சொல் என் நினைவுக்கு வந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. உண்மையில் அது என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் பிள்ளைகளுள்ள குடும்பம் தயங்கும். தயங்கினால் வீடு இன்னும் இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். அல்லது வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள் என்ற கணக்கு உடனே மனத்தில் ஓடியது. ஆகவே, “அந்தப் பக்கம் பூச்செடிகள் இருக்கின்றன, பிள்ளைகள் ஓடியாடினால் பாழாகிவிடும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

சொல்ல வேண்டியதை ஒருவாறு சொல்லிவிட்டதாக என் மனச்சான்றை அன்று அமைதிப்படுத்திக்கொண்டேன். இன்று எண்ணிப் பார்க்கையில், நான் செய்த தவறுகளுள் இதுவே பெரிதெனத் தோன்றுகிறது. பொய்யான காரணம் சொல்லித் தரப்படும் எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று. செடி பாழாகும் என்றால், செடியை மிதிக்காமல் நடக்கத் தெரிந்தவர் தாராளமாக அங்கே போகலாம் என்பதுதானே பொருள்? தரை உள்வாங்கும் என்று சொல்லியிருந்தால், யார்தான் அங்கே கால் வைத்திருப்பார்?

அடுத்த ஆண்டு ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்தது. நான்காம் நாள் விடியற்காலையில், உதிர்ந்து கிடந்த பவழமல்லிப் பூக்களை மாதா படத்துக்குச் சூட்டுவதற்காகப் பொறுக்கச் சென்றார் அம்மூதாட்டி. பிள்ளைகளை அவர் அங்கே விடமாட்டார். வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார் என்று தடுத்துவிடுவார். தாம் மட்டும் செடிகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து பூப்பொறுக்குவார். அன்று அவருடைய காலடியில் ஒரு கல் சாய்ந்தது. நீரில் கல் விழுந்த ஓசையும் அவருடைய கூக்குரலும் ஒருங்கே எழுந்தன. நாங்கள் ஓடிச் சென்றபோது, இடுப்பளவு உள்ளே இறங்கிய நிலையில், இரு கைகளாலும் பவழமல்லியின் அடிமரத்தைப் பற்றிக்கொண்டு தொங்கினார். அவருடைய மகன் தரையில் குப்புறப் படுத்து, அவரை மெல்ல இழுத்து மேலே கொண்டு வந்தார். உயிர் தப்பியது. வலது தொடையெலும்பு இடுப்பருகே முறிந்துவிட்டது.

மருத்துவமனைக்கு வண்டி பிடித்தவன் நான். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டியவனும் நான். அக்குடும்பத்தார் கண்ணீரோடு எனக்கு நன்றி கூறினர். “எங்கள் நேரம் சரியில்லை; நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்றார் மருமகள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் ஒருவர் என் கையைப் பற்றி, “குடியிருப்பவருக்கு இவ்வளவு செய்கிறவரை நான் கண்டதில்லை” என்று பாராட்டினார். அந்தக் கிணற்றைப் பற்றி எனக்கு முன்பே தெரியும் என்பதை என்னையும் அந்தக் கொத்தனாரையும் தவிர யாரும் அறியார். அவரோ வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டிருந்தார். கடனாளியைக் கொடையாளி என்று ஊர் புகழும்போது அவன் நெஞ்சு படும் பாட்டை அன்றுதான் அறிந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒப்புரவு அருட்சாதனத்தில் இதை அறிக்கையிட்டேன். அதையும் நேராகச் சொல்லவில்லை. வீட்டைப் பராமரிப்பதில் அசட்டையாக இருந்துவிட்டேன் என்று சொன்னேன். குருவானவர் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். “தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியுமா?” என்றார். “மருத்துவச் செலவு முழுவதையும் கொடுத்துவிட்டேன், சாமி” என்றேன். “பணத்தைப் பற்றி நான் கேட்கவில்லையே” என்று அமைதியாகச் சொன்னார். அதற்குமேல் அவர் அதிகம் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அன்று மாலையே பின்கட்டுக்குச் சென்றேன். கட்டிலில் படுத்திருந்த அந்த அம்மாளின் முன்னும், அவருடைய மகனின் முன்னும், கொத்தனார் சொன்னதையும் நான் மறைத்ததையும் முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு மாதங்களில் வேறு வீடு பார்த்துக்கொண்டு சென்றார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அம்மூதாட்டி நெடுநேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “சொல்லியிருந்தாலும் நாங்கள் வராமல் போயிருக்க மாட்டோம், தம்பி. இந்த வாடகைக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், வேறு வீடு எங்கே கிடைக்கும்? அந்தப் பக்கம் போகாமல் இருந்திருப்போம். அவ்வளவுதான்.” சற்றுப் பொறுத்து, “இனிமேல் வருகிறவர்களிடமாவது சொல்லிவிடுங்கள்” என்றார்.

எந்த இழப்புக்கு அஞ்சி அந்த ஒரு சொல்லை விழுங்கினேனோ, அந்த இழப்பு நேர்ந்திருக்கவே நேராது என்பதை அறிந்தபோது என் தலை குனிந்தது.

மறைநூலும் மறைவல்லுநரும்

இதற்குப் பின்னரே விவிலியத்தில் வீடுகளைப் பற்றி வரும் பகுதிகளைத் தேடிப் படிக்கலானேன். விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில், குழியொன்றைத் திறந்தோ தோண்டியோ மூடாமல் விட்டவன், அதில் மாடோ கழுதையோ விழுந்து இறந்தால் ஈடு செய்ய வேண்டும் என்று கூறப்படுகிறது. அதே அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டமும் உண்டு. மாடு முட்டும் என்பதை அறியாத உரிமையாளன் குற்றமற்றவன். முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் அதைக் கட்டி வைக்காதவனின் குற்றமோ உயிருக்கு உயிர் கேட்கும் அளவுக்குக் கனமானது. இரண்டு மாடுகளுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு உரிமையாளர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அறிவு ஒன்றே. 2003ஆம் ஆண்டில் அந்தக் கொத்தனார் பின்வாங்கி நின்ற கணத்திலிருந்து நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவனானேன்.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், இல்லாவிடில் ஒருவர் விழும்போது இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்றும் எச்சரிக்கிறது. இவற்றை விட என்னை வியப்பில் ஆழ்த்தியது லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ பூசணம் போன்ற கறை தோன்றினால், வீட்டின் உரிமையாளனே குருவிடம் சென்று அறிவிக்க வேண்டுமாம். பிறர் கண்டுபிடிக்கும் வரை அவன் காத்திருக்கக் கூடாது. குரு வந்து பார்த்து, ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து, கறை பரவினால் கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டச் செய்வார். மீண்டும் தோன்றினால் வீட்டையே இடிக்கச் சொல்வார். தன் வீட்டின் குறையைத் தானே முன்வந்து சொல்வதை வழிபாட்டுக் கடமைகளோடு சேர்த்து வைத்த அந்தப் பழைய சட்டத்தின் நுண்மையை என்னென்பது!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில், விற்பவன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்ற வினாவை எழுப்பி விடை காண்கிறார். குறை வெளிப்படையாகத் தெரிவதாயின், விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருப்பின், அதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை. மறைந்திருந்து வாங்குவோருக்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்கும் குறையாயின் சொல்லியே ஆக வேண்டும். அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள், இடிந்து விழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பதும் ஒன்று. வாடகைக்கு விடுபவனும் வீட்டின் பயனை விற்கிறவன்தானே? ஆகவே இக்கடமை அவனுக்கும் உரியதே.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வேறுபட்டதன்று. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, உரிமையாளருக்குத் தெரிந்ததும், குடிவருபவருக்குத் தெரியாததும், அவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுகொள்ள இயலாததுமான முக்கியக் குறையை, உரிமையாளர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள வாடகைச் சட்டம், எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தைக் கோருகிறது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகளையும், மின்கம்பி இணைப்புகளைச் சீரமைப்பதையும், வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமையாளரின் பொறுப்பாக வைக்கிறது. சட்டத்துக்கு அஞ்சியாவது நான் சொல்லியிருக்கலாம்.

பழுதுபார்த்தல் வேறு, சொல்லுதல் வேறு

“பழுதுபார்க்கக் கையில் பணம் இல்லையே, என்ன செய்வது?” என்று கேட்போர் உண்டு. அது நியாயமான கேள்வி. அன்று எனக்கும் அந்த இடர்ப்பாடுதான். ஆயினும் பழுதுபார்த்தல் ஒரு கடமை, எச்சரித்தல் மற்றொரு கடமை. முதலாவதற்குப் பணம் வேண்டும். அதற்காகச் சில மாதங்கள் காத்திருக்கவும் நேரலாம். இரண்டாவதற்கு ஒரு காசும் வேண்டியதில்லை. அது ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. முதற் கடமையைச் செய்ய இயலாமையைக் காட்டி இரண்டாவதையும் கைவிட்டதே என் பிழை.

நம் வீடுகளில் சொல்ல வேண்டியவை யாவை என்று வினவுவீர்களாயின், சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். மழைக்காலத்தில் நனையும் சுவரிலோ, குளியலறைக் குழாயிலோ கையை வைத்தால் ‘சுருக்’கென்று மின்சாரம் தாக்குகிறதா? அதைச் சிறு குறையென்று விட்டுவிடாதீர்கள். மின்சுமை மிகும்போது அணைந்துகொள்ளும் சாதாரண எம்.சி.பி. பொறி, மனித உடல் வழியே பாயும் சிறிதளவு மின்சாரத்தைக் கண்டு அணையாது. அதற்கென 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் தனிக்கருவி உண்டு. அது இல்லையென்றால், இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். எர்த் கம்பி சரியாக இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். கூரைக் காரையைத் தட்டும்போது வெற்றொலி கேட்கிறதா? உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைப் பிளந்துகொண்டிருக்கக்கூடும். அதன்கீழ்க் கட்டிலோ தொட்டிலோ போடவேண்டாம் என்று சொல்லுங்கள். சமையலறைச் சன்னலை எப்போதோ அடைத்துவிட்டீர்களா? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையிலேயே தேங்கும் என்பதைக் குடிவரும் இல்லத்தரசி அறிந்திருக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டியும் பாழ்ங்கிணறும் எங்கே இருக்கின்றன என்பதை, நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள். அவற்றினுள் நச்சுக்காற்று தேங்கியிருக்கலாம். உயிர்க்காற்று இல்லாமலும் இருக்கலாம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தவரும், அவரைக் காப்பாற்ற இறங்கியவருமாக ஒரே குழியில் பலர் மாண்ட கொடுமை நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. நம் பங்குகளும் சபைகளும்கூடப் பல ஊர்களில் வீடுகளையும் கடைகளையும் வாடகைக்கு விட்டுள்ளன. அங்கும் இக்கடமை குறைந்ததன்று; கூடியதே.

குடியிருப்போருக்கும் ஒரு வார்த்தை. புதிதாகத் தோன்றும் விரிசலையும் கசிவையும் நாள்தோறும் காண்பவர் நீங்களே. வாடகையை உயர்த்திவிடுவாரோ, காலி செய்யச் சொல்வாரோ என்றஞ்சி அவற்றை மறைக்காதீர்கள். நான் அஞ்சிய அதே வகையான அச்சம்தான் அது.

திருப்பலியின் தொடக்கத்தில் நம் சிந்தனையையும் சொல்லையும் செயலையும் மட்டுமன்றி, செய்யத் தவறியவற்றையும் சேர்த்தே பாவமாக அறிக்கையிடுகிறோம். நெடுங்காலம் அந்த இடத்தில் என் நாவு பழக்கத்தால் அசைந்துவந்தது. இப்போது அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு கொல்லைப்புறம் என் கண்முன் வருகிறது.

அந்தக் கிணற்றுக்கு இப்போது கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போட்டாயிற்று. என் தந்தையார் இடித்த கைப்பிடிச் சுவரை மீண்டும் இடுப்பளவு உயர்த்திக் கட்டியிருக்கிறேன். மண்ணுக்குள் மறைந்திராமல், இங்கே ஒரு கிணறு இருக்கிறது என்பதை வருவோர் போவோர் யாவரும் அறியட்டும். குடிவருவோரிடம் ஒப்பந்தத்தோடு ஒரு தனித்தாளையும் கொடுக்கிறேன். வீட்டில் எனக்குத் தெரிந்த குறைகளையெல்லாம், சரிசெய்தவற்றையும் இன்னும் சரிசெய்யாதவற்றையும், அதில் வரிசையாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு வேண்டாமென்று திரும்பிப் போனவர் இதுவரை ஒரே ஒருவர்தாம்.

அம்மூதாட்டி சில ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார். கடைசிவரை கைத்தடியின்றி அவரால் நடக்க இயலவில்லை. அடக்கத் திருப்பலிக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகன் என்னைக் கண்டு, சற்றுத் தயங்கி, பின்னர் அருகில் வந்து அமர்ந்தார். “கிணற்றை என்ன செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையசைத்தார். அதற்குமேல் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.